முன்சீட்டில் உட்காரும் முறை

காலை ஐந்தே முக்கால் நெருங்கினாலே நீலாவதிக்குப் பயம் தொற்றிக்கொள்ளும். அந்த நேரத்துக்குத்தான் வேலைக்கு ஆளேற்றும் சந்திரனின் வெள்ளை வேன் செம்பனைத் தோட்டத்துக் கோயில் முச்சந்தியில் வந்து நிற்கும். சிரம்பான் பட்டணத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. புருஷன் போன பிறகு அந்தச் சம்பளம்தான் வீடு.

முன்பு போர்டிக்சன் சாலையில் ஓடிய பஸ் தோட்டத்துக்குள்ளும் வந்து திரும்பும். லயத்து வீடுகளில் பாதி காலியானதும் ஆள் ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருக்கிற நாங்கள் என்ன செம்பனை மரமா என்று நீலாவதி அப்போது வாய்விட்டே திட்டினாள். யார் காதில் விழும்? கைப்பேசியில் காரைக் கூப்பிட்டால் முக்கால்வாசிப் பேர் உள்ளே வரமாட்டார்கள். வருகிறவன் பாதி நாள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வான். ஆக, சந்திரன் அண்ணன்தான் கதி. ஏழு மணிக்குள் தொழிற்சாலையில் வருகை அட்டை தட்ட வேண்டும். மாதத்தில் மூன்று முறை பிந்தினால் வேலைச் சீட்டுக் கிழியும்.

அந்தச் சந்திரனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஆறு மாதத்துக்கு முன் மம்பாவ் முச்சந்தியில் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் நேரே விட்டார். லோரிக்காரன் அடித்த ஹாரனில் வேனில் இருந்த எட்டுப் பெண்களுக்கும் உயிர் போய் வந்தது. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து முன்சீட்டில் உட்கார முறை வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பஞ்சாலை என்பவள், செவ்வாய்க்கிழமை நீலாவதி என்று. முறைக்காரி வாய் ஓயாமல் பேச வேண்டும். சிவப்பு விளக்கு வந்தால் இந்த விளக்கு எப்போதுதான் பச்சையாகுமோ என்று சலித்துக்கொள்ள வேண்டும். லோரி வந்தால் அதன் நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். அண்ணனும் ஆமாம்மா என்று பிரேக்கை மிதிப்பார்.

வேன் எங்கேயாவது மோதிவிடுமோ என்று நீலாவதி தினமும் பயந்தாள். அண்ணன் வேனை நிறுத்திவிடுவாரோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள். இரண்டாவது பயம்தான் அவளைத் தினமும் ஏற்றிவிட்டது.

மகள் ஷாமினி பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும், சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தன் தொழிற்சாலையிலேயே அவளுக்கும் வேலை வாங்கினாள். மகளும் அதே வேனில்தான் போக வேண்டுமே என்பது மனதை அரித்தது. முறை ஒழுங்காகத்தானே நடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் முச்சந்தியில் நின்றார்கள். நல்ல பனி. வேன் வந்தது. சந்திரன் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஷாமினியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரும்மா இது, புது ஆளா?"

ஒன்றாம் ஆண்டிலிருந்து அவளைப் பள்ளிக்கு ஏற்றிப்போனவர் அவர். அண்ணன் கிண்டல் பண்ணுகிறார் என்று ஷாமினி சிரித்தாள். நீலாவதிக்கு அது கிண்டல் இல்லை என்று தெரிந்தது. ஏறப் போன மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ ஏறாத. வீட்டுக்குப் போ."

"மொத நாளும்மா. நீதானே கேட்டு வாங்கிக் குடுத்த?"

"போன்னு சொல்றேன்லா. இந்த வேன்ல நீ வர வேணாம்."

"அப்போ நீ மட்டும் ஏன் ஏறுற?"

வேனுக்குள் எல்லாருக்கும் அது கேட்டது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவந்த பஞ்சாலை, மடியிலிருந்த சோற்றுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியும் இறங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்க நீலாவதிக்கு வெட்கமாக இருந்தது.

சந்திரன் கையை நீட்டி முன்கதவைத் திறந்தார்.

"நேரமாச்சு நீலா. இன்னைக்கு உன் மொறைதானே, ஏறு. இனிமே சுத்தி வளைச்சுப் பேச வேணாம்மா. செவப்புன்னா செவப்புன்னே சொல்லு."

மகளின் கையை விட்டுவிட்டு நீலாவதி முன்சீட்டில் ஏறினாள்.