ஆல்மெடா பூக்கர் சொன்ன ஒரே பொய்

வர்ஜீனியாவின் தென்பகுதியில், எங்கள் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அனைத்தும் 1959ஆம் ஆண்டு பூட்டப்பட்டன. கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதைவிடப் பள்ளிக்கூடமே இல்லாமலிருப்பது மேல் என்று மாவட்டக் குழு முடிவு செய்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே தனியார் பள்ளி திறக்கப்பட்டது. எங்களுக்குக் கதவில் சங்கிலி. பணப் பற்றாக்குறையால் மூடினோம் என்று குழுத்தலைவர் நீதிமன்றத்தில் பைபிளின்மேல் கைவைத்துச் சாட்சியம் சொன்னார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. அடுத்த தேர்தலிலும் அவரே வென்றார்.

ஆல்மெடா பூக்கர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். புகையிலை பயிரிட்ட ஹோசியாவின் மனைவி. அவரைப் பற்றி நான் கண்டதையும், என் தங்கை கோரினும் ஹோசியாவும் சொல்லக் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

அவர் பொய் சொல்லமாட்டார். ஒட்டுத்துணிப் போர்வை தைத்து விற்பார். வாங்க வருபவரிடம் தையல் பிசகிய இடத்தைத் தாமே விரித்துக் காட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்ற பாஸ்டர் அவரிடம் வாயைக் கொடுத்தார்.

"பிரசங்கம் எப்படி இருந்துச்சு, சிஸ்டர் பூக்கர்?"

"நீளமா இருந்துச்சு, பாஸ்டர். நடுவுல நீங்களே வழி தவறிப் போயிட்டீங்க."

"மிஸ் மெடாகிட்ட பச்சப் புள்ளயக் காட்டிடாதீங்கடி. அழகா இல்லேன்னா சொல்லிப்புடுவாங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

பக்கத்து மாவட்டத்தில் கறுப்பர் பள்ளி திறந்தே இருந்தது. ஆனால் அந்த மாவட்டத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கே இடம். எனவே எல்லையைத் தாண்டியதும் சாலையோரம் பாழாய்க் கிடந்த ஒரு வீட்டை எங்கள் பெற்றோர் வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளே கட்டில்களைப் போட்டு, சன்னலில் திரை தொங்கவிட்டு, கொடியில் துணி காயப்போட்டார்கள். விடியுமுன் ஹோசியாவின் லாரி ஒன்பது பிள்ளைகளை அங்கே இறக்கிவிடும்; பள்ளிப் பேருந்து வந்து ஏற்றிக்கொள்ளும்; மாலையில் லாரி திரும்ப அழைத்து வரும். ஒன்பது பேருக்குமேல் போனால் சந்தேகம் வரும் என்றார்கள். கோரினை அனுப்பினார்கள். மூத்தவனான நான் புகையிலைக் கொட்டகைக்குப் போனேன். நான் பிற்பாடு படித்ததெல்லாம் நானே தேடிப் படித்ததுதான்.

வீட்டின் சொந்தக்காரர், பூக்கர் குடும்பத்தின் பெயரை மட்டுமே நம்பி வீட்டைக் கொடுத்தார். ஆல்மெடா ஒப்புக்கொண்டபோது ஒன்று சொன்னார்: "வாடகை நான் கட்டுறேன். அது உண்மை. பகல்ல அங்க இருந்து புள்ளைங்களுக்குச் சமைச்சும் போடுறேன். மத்ததை எவனும் என்கிட்ட கேக்காம இருந்தாச் சரி."

நவம்பரில் ஒருவன் கேட்டான். பக்கத்து மாவட்டப் பள்ளி அலுவலகத்து வெள்ளைக்காரன், ஃபிட்ச் என்று பெயர், ஆல்மெடாவின் மகன் வயதுகூட இராது. பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கி லாரிக்காகக் காத்திருந்த நேரத்தில் வந்து நின்றான்.

"ஏ ஆல்மெடா, இந்தப் பசங்க ராத்திரி எங்க தூங்குறாங்க?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உன்னப் பத்தி விசாரிச்சேன். நீ பொய்யே சொல்லமாட்டியாமே? அதான் உன்கிட்டயே கேக்குறேன். இங்க தூங்கலேன்னு நீ சொன்னா, நாளைக்குப் பஸ் இங்க நிக்காது."

ஒன்பது பிள்ளைகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கோரின் சொல்வாள்.

"இங்கதான் தூங்குறாங்க, சார்" என்றார் ஆல்மெடா.

அவன் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். சற்று நேரத்தில் லாரி வந்தது. பிள்ளைகள் ஏறப் போனார்கள்.

"யாரும் ஏறாதீங்க. ஹோசியா, இன்ஜின நிறுத்து. புள்ளைங்க இங்கதான் தூங்கப் போறாங்க."

"என்ன மெடா, மூளை கலங்கிடுச்சா? கூரையெல்லாம் ஓட்டை. அடுப்புக்குப் புகைக்குழாய்கூட இல்ல."

"இங்கதான் தூங்குறாங்கன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"சொன்னா என்ன? கோர்ட்டுல பைபிளத் தொட்டு அவனுங்க சொல்றதவிடவா?"

"அது அவனுங்க பாடு. இது என் வாயிலேர்ந்து வந்துச்சு. நீ போய் அவங்கவங்க வீட்டுல கம்பளி வாங்கிட்டு வா. புள்ளைங்க பட்டினியாக் கெடக்கக் கூடாது, சோளமாவும் கொண்டா."

அன்றிரவு முதல் பள்ளி நாட்களில் அவர்கள் அங்கேயே தூங்கினார்கள். ஆல்மெடாவும் வீட்டை விட்டு வந்து அங்கேயே தங்கினார். ஹோசியா புகைக்குழாய் பொருத்தினார். கூரையைத் தார்த்தாளால் அடைத்தார். கம்பளிகள் பிள்ளைகளுக்கே போதவில்லை. ஆல்மெடா கோட்டைப் போர்த்திக்கொண்டு, காற்று உள்ளே வரும் கதவோரத்தில் படுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இருமல் பிடித்தது. வீட்டுக்கு வந்துவிடும்படி ஹோசியா எவ்வளவோ கெஞ்சினார்.

"நான் வந்துட்டா புள்ளைங்கள யார் பாத்துக்குவா? அப்புறம் நான் சொன்னது மறுபடியும் பொய்யாயிடும்" என்றாராம்.

பிப்ரவரியில் ஃபிட்ச் விடியற்காலையில் முன்னறிவிப்பின்றி வந்தான். கட்டிலுக்கு இரண்டு மூன்று பேராகப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடத்துத் தண்ணீர் உறைந்திருந்தது.

"நெசமாத்தான் தூங்குறாங்க" என்றான், தனக்குத்தானே. பிறகு கேட்டான்: "இதுல எது உன் புள்ள?"

"எதுவும் இல்ல, சார்."

இந்த முறையும் அவரிடம் உண்மையைத்தான் கேட்டான். அவரும் உண்மையைத்தான் சொன்னார்.

அந்த வாரமே பக்கத்து மாவட்டக் குழு புதிதாக ஒரு விதி செய்தது: பெற்றோருடன் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே பள்ளியில் இடம். திங்கட்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல் சாலையோரம் வரிசையாக நின்றார்கள். பேருந்து வேகத்தைக் குறைக்கவில்லை. அதை ஓட்டியவர் எங்கள் இனத்து ஆள்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து போன பிறகும் கோரின் மதியம்வரை புத்தகப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. எங்கள் மாவட்டத்துப் பள்ளிக் கதவுகள் மீண்டும் திறந்தபோது, அவள் ரிச்மண்ட் நகரத்தில் ஒரு வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆல்மெடா வீட்டுக்குத் திரும்பினார். இருமலும் கூடவே வந்தது. அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் பெட்டியின் அருகே நின்று, "இந்தச் சகோதரி தம் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை" என்று தொடங்கினார். சபை "ஆமென்" என்றது. முன்வரிசையிலிருந்து ஹோசியா எழுந்தார்.

"ஒண்ணு சொன்னா, பாஸ்டர். சாயங்காலத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும்தான் அது பொய்யா இருந்துச்சு. அதையும் சேத்துச் சொல்லுங்க. இல்லேன்னா அவளுக்குப் புடிக்காது."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.