அத்தானின் கோல்ஃப் சந்தா

கொடியில் ஒற்றைக் கையுறை ஒன்று தொங்கும். வெள்ளைத் தோலில் செய்தது, இடது கைக்கு மட்டுமானது. சனிக்கிழமை மத்தியானங்களில் அக்காவின் வீட்டுச் சேலைக்கும் என் ஒபிஸ் சட்டைக்கும் நடுவில் அது வியர்வை காயத் தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மேல்மாடியில் அக்கா, அத்தான், நான் மூவரும் வாடகைக்கு இருந்த காலம் அது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா அண்ணாந்து பார்த்து, "மற்றக் கைக்கு எங்கை பிள்ளை?" என்று கேட்பா. கோல்ஃப் விளையாடுகிறவர்கள் ஒரு கையில்தான் உறை போடுவார்கள் என்று அக்கா விளக்கினா. அந்த அம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அதன் சோடி வேறு யாருடைய வீட்டுக் கொடியிலோ காய்கிறது என்றுதான் சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு கம்பனியின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவள் என்று அக்காவின் மகன் பகிடி பண்ணுவான். அது உண்மைதான். ஒரு மனிதன் காரணம் சொல்லாமல் காசு செலவழித்தால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது. அத்தான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் கணக்காளராக இருந்தார். கிழிந்த பனியனைத் தைத்துப் போடுகிற மனிதர். பஸ்ஸில் போகக்கூடிய இடத்துக்கு ஆட்டோ பிடித்தால் இரண்டு நாள் முகம் சுருங்கி இருக்கும். அப்படிப்பட்டவர் திடீரென்று நகரத்துப் பெரிய மனிதர்கள் போகும் கோல்ஃப் கிளப் ஒன்றில் சேரப்போகிறேன் என்றார். நுழைவுக் கட்டணத்தைக் கேட்டதும் அக்கா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டா. பாமன்கடையில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு முற்பணம் கட்டவென்று இருவரும் வருடக்கணக்காகச் சேர்த்த காசு அது. சமையலறை யன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுவரை அக்கா யோசித்து வைத்திருந்தா.

கிளப்பில் சேருவது காசைக் கட்டினால் முடிகிற அலுவலாகவும் இருக்கவில்லை. இரண்டு அங்கத்தவர்கள் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும். விண்ணப்பித்தவரின் பெயர் அறிவித்தல் பலகையில் கிடக்கும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு செயற்குழுவோடு தேநீர் குடிக்கப் போக வேண்டும். பெண் பார்க்க வருவதுபோல இவர்கள் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று நான் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவ பட்டுச்சேலை கட்டிய பிறகு, தமிழர் என்று காட்டிக்கொடுக்கும் பொட்டை நெற்றியில் வைப்பதா வேண்டாமா என்று ஒரு பெரிய ஆலோசனை நடந்தது. கடைசியில் சின்னதாக ஒன்று வைத்தா. திரும்பி வந்து, "கேக் நல்லாத்தான் இருந்தது" என்றா. அந்த வீட்டுக் கனவைப் பற்றி அதன்பிறகு அவ வாய் திறந்து கதைத்ததை நான் கேட்கவில்லை. எனக்கு அத்தான் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது.

அந்தக் கோபத்தோடு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். பெண் விவகாரம் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது, காலில் சேறும் கழுத்தில் வெயிலுமாக வருகிற மனிதரிடம் அதற்கு இடமில்லை. குடியும் இல்லை. பெரிய மனிதனாக வேண்டும் என்ற விசரோ என்று பார்த்தால், கிளப்பைப் பற்றி ஒபிஸில்கூட அவர் வாய் விடவில்லை. பீற்றிக்கொள்ளாத பெருமை என்ன பெருமை? அப்படியானால் இந்த மனிதர் எதற்காகப் போகிறார் என்பதுதான் என் தலைக்குள் கிடந்து குடைந்தது.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா என்னைப் படியில் மறித்தா. "உங்கடை அத்தான் ஆமிப் பெரியவரோடை விளையாடுறாராம், மெய்யே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டா. யுத்த காலம். யார் யாரோடு கதைக்கிறார்கள் என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்த காலம். விசாரித்ததில் அது உண்மை. இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சிங்களக் கேணல் ஒருவரோடுதான் அத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிரெதிராக விளையாடினார். எங்கள் தம்பி அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தான். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, அத்தானுக்கு முன்னால் ஊர்க் கதை ஒன்றும் கதைக்க வேண்டாம் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஒரே கோப்பையில் சோறு தின்ற மனிதரை ஆமிக்குத் தகவல் சொல்கிறவர் என்று நினைத்ததற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. அந்தக் காலத்தில் அப்படி நினைக்காதவர்கள் நல்லவர்கள் இல்லை, விவரம் தெரியாதவர்கள்.

கிளப்பில் குடும்ப நாள் ஒன்று வந்தது. அக்கா தலையிடி என்றா, நான் போனேன். மதில் தாண்டி உள்ளே போனால் கொழும்பே காணாமல் போய்விட்டது. அவ்வளவு புல்லை நான் அதற்குமுன் ஒரே இடத்தில் கண்டதில்லை. ஆட்டம் தொடங்குமுன் அத்தான் பயிற்சிக் குழி ஒன்றருகே தனியாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நாலு எட்டுத் தூரம் இருக்கும். தட்டியதெல்லாம் குழிக்குள் விழுந்தது. பிறகு ஆட்டத்தின் கடைசிக் குழியில் கேணலும் இவரும் சமநிலையில் நின்றார்கள். அத்தானின் பந்து குழியிலிருந்து ஒரு முழம்தான் தள்ளிக் கிடந்தது. அவர் குனிந்தார், நேரம் எடுத்தார், தட்டினார். பந்து குழியின் விளிம்பால் விலகிப் போனது. கேணல் கடகடவென்று சிரித்து அவர் முதுகில் தட்டினார். அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பேரேட்டில் பிழை பிடிபட்டதும் சிலர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதே சிரிப்பு. வேண்டுமென்றே தோற்கிற மனிதனுக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். என்ன வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலை பொலிசும் ஆமியும் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். தம்பியிடம் கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு இருந்தது, அடையாள அட்டை இருந்தது, விசாக் கடிதம் இருந்தது. எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார்கள், பிறகு அவனையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அக்கா படியிலேயே இருந்துவிட்டா. அத்தான் கட்டிய சாரத்தோடு தொலைபேசிக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு சனிக்கிழமைக் காலையும் சுழற்றும் கேணலின் இலக்கத்தை அன்றைக்கு இரண்டு தடவை பிழையாகச் சுழற்றினார். எடுத்ததும் ஆங்கிலத்தில், ஆறுதலாக, சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பது போன்ற குரலில் விஷயத்தைச் சொன்னார். அவர் அந்தக் கேணலிடம் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

பொலிஸ் நிலையத்துக்கு அத்தானோடு நானும் போனேன். வாசலில் எங்களைப் போல நிறையப் பேர், பெரும்பாலும் தாய்மார். கேணல் சொன்னபடி வந்தார், அதை நான் மறுக்க மாட்டேன். தேநீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டிருப்பார் போல. வாசலில் நின்றவர்கள் விலகினார்கள், அவருக்குப் பின்னால் நாங்களும் உள்ளே போனோம். பொறுப்பதிகாரி எழுந்து நின்றார். கேணல் அத்தானின் தோளில் கை வைத்து, "மே மகே கொல்ஃப் யாளுவெக்" என்றார் சிங்களத்தில். இவர் என்னுடைய கோல்ஃப் சிநேகிதர். நல்லவர் என்றோ, இந்த நாட்டுக்காரர் என்றோ, தம்பி ஒன்றும் செய்யாதவன் என்றோ அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மத்தியானத்துக்கு முன் தம்பி வெளியே வந்துவிட்டான். சேட்டில் இரண்டு பொத்தான் இல்லை, வேறொன்றும் இல்லை.

வாசலில் ஒரு தாய் அத்தானின் கையைப் பிடித்துவிட்டா. கொட்டாஞ்சேனையில் மகனைப் பிடித்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்களாம். "ஐயா, நீங்கள் ஆரைப் பிடிச்சனீங்கள்? என்ரை பிள்ளையையும் ஒருக்கா அவரிட்டைச் சொல்லுங்கோ" என்றா. அத்தான் மகனின் பெயரைக் கேட்டுக்கொண்டு, காரில் ஏறப்போன கேணலிடம் ஓடினார். நானும் பின்னால் போனேன். கேணல் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார், ஆங்கிலத்தில். உம்முடைய குடும்பம் என்றால் நான் பொறுப்பு நிற்பேன், மற்றவர்களை எனக்குத் தெரியாதே என்றார். கிளப்பின் சலுகைகளும் அப்படித்தான், அங்கத்தவருக்கும் குடும்பத்தினருக்கும் மட்டும். அத்தான் திரும்பி வந்து, "சொன்னனான் அம்மா. பாப்பினமாம்" என்றார். அந்தத் தாய் அவரைக் கும்பிட்டா. அந்தப் பிள்ளை வெளியே வந்தானா இல்லையா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டோவில் திரும்பும்போது தம்பி நடுவில் இருந்தான்.  ஹெவ்லொக் டவுனைத் தாண்டியபோது அத்தான் வெளியே பார்த்தபடி, "இதுக்குத்தான் சேர்ந்தனான்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அவரை எவ்வளவு பிழையாக எடை போட்டேன் என்பதற்காக அல்ல. ஒரு மனிதன் தன் மனைவியின் வீட்டுக் கனவை விற்று, தனக்குப் பிடித்ததா பிடிக்காததா என்றே தெரியாத ஒரு விளையாட்டைப் படித்து, வாராவாரம் வெயிலில் நின்று தோற்று, இப்படி ஒரு காலைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததே என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

அடுத்த சனிக்கிழமையும் அவர் மட்டைப் பையைத் தூக்கினார். "அலுவல் முடிஞ்சுதுதானே, இனியும் ஏன் அத்தான்?" என்று கேட்டேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இண்டைக்குப் போகாட்டி அந்த ஆளுக்கு விளங்கிப்போடும், நான் ஏன் சேர்ந்தனான் எண்டு. பிறகு அடுத்த முறைக்கு ஆரிட்டைப் போறது?" அடுத்த முறை என்று அவர் சொன்ன விதம், அடுத்த மாதக் கரண்ட் பில்லைச் சொல்வதுபோல இருந்தது. போய்த் தோற்றுவிட்டு வந்தார்.

யுத்தம் முடிந்தது. கேணல் செத்துப்போனார். செத்த வீட்டுக்கு அத்தான் வெள்ளை உடுப்போடு போய்க் கடைசிவரை நின்றார். அவர் துக்கப்பட்டாரா, அல்லது அதுவும் சந்தாவில் ஒரு பகுதியா என்று நான் யோசித்தேன். கேட்கவில்லை. கண் சிவந்திருந்ததாக அக்கா சொன்னா. தம்பி கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டான். அத்தானுக்கு இப்போது இரண்டு முழங்காலும் சரியில்லை, மட்டையைத் தூக்கிப் பல வருடம். மாதத்தில் ஒருநாள் கிளப்புக்குப் போய் விறாந்தையில் இருந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவார். புதிய அங்கத்தவர்களுக்கு அவரைத் தெரியாது. அவர் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறவர்கள் பரிசாரகர்கள் மட்டும்தான். நாட்டின் பொருளாதாரம் விழுந்து விலைவாசி ஏறியபோது சந்தாவும் ஏறியது. அதற்குமேல் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய ஒரு குறைந்தபட்சச் செலவும் உண்டு. அக்காவும் அத்தானும் இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு பெறாமகன், அக்காவின் ஒரே மகன், தன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். கணினி வேலை, சம்பளம் நல்லது, அதனால் அப்பாவின் சந்தாவை இப்போது கட்டுகிறவன் அவன்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்து என்னைக் கூப்பிட்டான். "சின்னம்மா, நீங்கள் கணக்காய்வு செய்த ஆள், நீங்களே பாருங்கோ. அப்பா குடிக்கிற அந்த ஒரு தேத்தண்ணிக்கு வருசத்துக்கு இவ்வளவு போகுது. இது பிரயோசனமா?" என்றான். கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. வேலையில் இருந்த காலமென்றால் ஒரு நிமிடத்தில் சிவப்புக் கோடு கீறியிருப்பேன். அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கம் திருப்புவதையும் நிறுத்திவிட்டார். நான், உங்கள் எவருக்கும் இனி அது தேவைப்படாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். எனக்கு இந்த நாட்டை இன்னும் நம்பத் தெரியவில்லை.

"கோவிக்காதேங்கோ அப்பா, உண்மையைச் சொன்னா அந்தக் காசு முழுக்க வீண்" என்றான் அவன்.

அக்கா அவனுடைய மகனை மடியில் வைத்துத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தா. பொடியன் அந்தக் காலத்தில் பிடித்துக்கொண்டு போன வயதில், பத்தொன்பதில், இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாவோ தெரியாது, அவனுக்கு மூன்று வயதுதான். பாமன்கடை யன்னலை இழந்த பிறகு இந்தச் செலவைப் பற்றி அவ ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வீணாத்தான் போகுது. நீ கட்டு ராசா" என்றா. "அப்பாவுக்குப் பிறகு உன்ரை பேருக்கு மாத்து. உனக்குப் பிறகு இவன்ரை பேருக்கு மாத்து. ஒவ்வொரு வருசமும் அது வீணாப் போகவேணும் எண்டு நான் பிள்ளையாரிட்டை நேர்ந்துகொண்டிருக்கிறன்."