கத்தினால் யாரும் வராத வீடு

மாத நாவல் ஒன்றின் அட்டை. மழை, மின்னல், பாழடைந்த பங்களா, மாடி ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம், கீழே வெள்ளைப் புடவையில் யாரோ ஒருத்தி. அப்படி ஒரு நாவல் கைக்கு வந்ததும் என் மதினி அதைப் படிக்க மாட்டாள், பிரிப்பாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மதினி என்றுதான் சொல்வோம். ஓரத்தில் அடித்திருக்கும் கம்பியைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, நாவலைத் துண்டு துண்டாக்கி, வரிசையில் உள்ள வீடுகளுக்கு அனுப்பிவிடுவாள். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பு எங்களுடையது. ஒருத்தி முடிக்கும்வரை மற்றவர்களுக்குப் பொறுமை இல்லை. அதனால் கடைசித் துண்டு முதலில் கிடைத்தவளுக்குக் கொலைகாரனைத் தெரியும். செத்தது யார் என்று தெரியாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்பத்தூர்தான் பிறந்த ஊர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரைத் தாண்டி அவள் குரல் வரும்: “இன்னாக்கா, இன்னும் அந்த சமையக்காரன நல்லவன்னு நம்பிக்கினு கீறியா?” மதினி இந்தப் பக்கம் துள்ளுவாள்: “வாய மூடுட்டி பாவி! நான் இப்பதான் ரெண்டாந் துண்டுல நிக்கேன்!”

பழைய வீட்டுப் பேய்க் கதைகள் மேல் அந்தப் பெண்களுக்கு ஏன் அத்தனை ஆசை என்று பல காலம் யோசித்திருக்கிறேன். எங்களில் யாருக்கும் பழைய வீடு இருந்ததில்லை. திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஒரே மாதிரி வீடுகளில் இருந்தோம். ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே இடத்தில் கொக்கி, ஒரே இடத்தில் அலமாரி. கரண்ட் போன நேரத்தில் தவறிப்போய் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தீப்பெட்டி கைக்குக் கிடைத்துவிடும். பூட்டிய அறை கிடையாது, நிலவறை கிடையாது, சுவரில் முறைத்துப் பார்க்கும் முன்னோர் படம் கிடையாது. முன்பு இருந்தவர் அடித்த ஆணியில் எங்கள் காலண்டர் தொங்கியது. எங்கள் ஆணியில் நாளைக்கு யாருடையதோ தொங்கும். ரகசியம் வைத்துக்கொள்ளக்கூட ஓர் அறை வேண்டும், இல்லையா? அவர்கள் தேடிப் போனது பயத்தைத்தானா, இல்லை, அந்த அறைகளையா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

மதினிக்குப் படிப்பது போதவில்லை. ஒரு கோடை முழுக்க, குழாயில் தண்ணீர் நின்ற பிறகு வரும் மத்தியானங்களில், உட்கார்ந்து எழுதினாள். ஜமீன் பங்களா, ஊமை வேலைக்காரி, கிணற்றில் மிதக்கும் ரோஜா மாலை. “அட்டையில எம் பேரு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அண்ணனிடம்கூட அவள் அப்படி எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மதினியும் நானும் மின்சார ரயிலேறிப் பதிப்பகத்துக்குப் போனோம். கதையை வாங்கி வைத்துக்கொண்டு மறுவாரம் வரச் சொன்னார் ஆசிரியர். மறுவாரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நல்லா எழுதறீங்கம்மா. ஆனா உங்க ஜமீன் பங்களாவுல கதாநாயகி கத்தினதும் பக்கத்து வீட்டம்மா கரண்டியோட ஓடி வந்துடறாங்களே! பங்களான்னா, கத்தினா யாரும் வரக்கூடாது. அதுலதானே பயமே இருக்கு?”

“அது எப்படிங்க?” மதினி உண்மையாகவே கேட்டாள். “ஒரு பொம்பள கத்துனா வராமயா இருப்பாவ?”

அவர் கதையைத் திருப்பிக் கொடுத்தார்.

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வில்லிவாக்கம் போனது, கொரட்டூர் போனது. அழுகிறாள் என்று நினைத்து நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அம்பத்தூரில் கூட்டம் இறங்கியதும் திரும்பினாள். கண் காய்ந்திருந்தது. “ஏட்டி, அவரு சொல்லுதது சரிதான். நான் பங்களாவக் கண்டதில்ல. ஆனா அவரு குவாட்டர்ஸக் கண்டதில்ல, பாத்தியா?”

ஜமீனை அடுப்பில் போட்டாள். புதிதாக எழுதியதில் பங்களா இல்லை. எங்களுடையதைப் போல ஒரு வீடு. அடுத்த வீடு காலி. சாவி ஆபீசில் ஒப்படைத்தாயிற்று. ஒரு மத்தியானம் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடிக்கிறது. கதாநாயகி கத்துகிறாள். வரிசை முழுக்க ஓடி வருகிறது, கரண்டியோடு, ஈரக் கையோடு, இடுப்பில் பிள்ளையோடு. வந்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, எல்லாருக்கும் அது கேட்கிறது. மற்ற கதைகளில் தனிமையில் பிறந்த பயம் மதினியின் கதையில் கூட்டம் கூடிய பிறகு பிறந்தது. அந்தப் பக்கம் இருந்தவள், புருஷன் ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது கிளம்ப மறுத்து, அங்கேயே இறந்துபோனவள். ஜமீன் பேய்கள் தங்கள் வீடு என்பதால் தங்கியிருந்தன. இவள் தன் வீடு இல்லை என்பதால் தங்கியிருந்தாள்.

இந்த முறை ஆசிரியர் திருப்பித் தரவில்லை. அட்டையில் மதினியின் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. படம் போட்டவர் வழக்கம்போல மழை, மின்னல், பங்களா என்று வரைந்துவிட்டார். அதைப் பார்த்து மதினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் காலையிலேயே வந்து வாசலில் நின்றாள். “யக்கா, செவுத்தாண்ட இருந்த கட்டில நவுத்திப் போட்டுக்கினேன். உன்னால ஒரே பேஜாரு!” எத்தனையோ பாராட்டுகளைப் பிற்பாடு கேட்டிருக்கிறேன், இதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

அண்ணன் ரிட்டயர் ஆகி, சாவியை ஒப்படைத்து, கள்ளிக்குப்பத்தில் சொந்த வீடு கட்டிக் குடியேறி வெகுநாளாயிற்று. போன மாதம் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மதினியும் நானும் ஆட்டோவில் போனோம். பழைய குடியிருப்பு வழியில் வந்தது. வரிசை வரிசையாகக் காலி. சுவரைப் பிளந்துகொண்டு அரசமரம்; ஜன்னல்கள் இருந்த இடத்தில் இருட்டு.

எங்கள் வரிசை வந்ததும் ஆட்டோக்காரர் தானாகவே குரலைத் தாழ்த்தினார். “இந்த லைனாண்ட யாரும் போவ மாட்டாங்கோ. உள்ள ஒரு பொம்பள கீது. ஒன்னியும் பண்ணாது. மத்தியானமானா தாளிக்கும்.”

நான் வாயைத் திறந்தேன். மதினி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“ஏன்ப்பா, அவ ஏன் போகாம இருக்கா?”

“ஊட்ட காலி பண்ண சொன்னாங்கோ. மாட்டேன்ட்டா.”

“இதெல்லாம் யாரு சொன்னா ஒனக்கு? ஏதாவது பொஸ்தகத்துல படிச்சியோ?”

“பொஸ்தகமா? இன்னாம்மா நீ! எங்கம்மா ரோட்டாண்ட நின்னு மோந்து பாத்துகீது. நெசம்மா.”

மதினி முந்தானையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்னத்தப் போட்டுத் தாளிக்காளாம்?”

“வெங்காய வடகம்” என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

மதினி எழுதியது வெறும் கடுகு. வடகம் ஆவடி சேர்த்தது.