தலையணை நின்ற மடி

ஒரகடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், கம்பெனி அசெம்பிளி லைனில் வளையல் கூடாதென்று, கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினாள். அந்தச் சத்தத்தில், இப்போது கம்பெனிச் சுவர் நிற்கிற இடத்தில் எழுபதுகளில் இருந்த எங்கள் வடக்குப்பட்டு சபையின் ஓலைக் கொட்டகை நினைவுக்கு வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர் கூட்டத்தில் பாயில் வட்டமாக உட்கார்ந்து, இலவம்பஞ்சுத் தலையணையைக் கைமாற்றிக்கொண்டே இருப்போம். சுவரைப் பார்த்தபடி ஆர்மோனியம் வாசிக்கும் சாமுவேல் அண்ணன் சட்டென்று நிறுத்தும்போது அது யார் மடியில் இருக்கிறதோ அவர் பாட வேண்டும். வாராவாரம் அது ஸ்டெல்லா அக்கா மடியில்தான் நின்றது. திரும்பிப் பார்க்காதவருக்கு எப்படித் தெரிகிறது என்று பன்னிரண்டு வயதில் மண்டையைக் குடைந்துகொண்டேன். எங்களுக்கெல்லாம் ரப்பர் வளையல், அக்கா ஒருத்திக்குத்தான் கண்ணாடி.

ஒரு ஞாயிறு, "யக்கா, வளையலைக் கழட்டி எங்கிட்ட குடேன்" என்றேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தாள்.

அன்று பாட்டு நிற்கவே இல்லை. தலையணை சுற்றிச் சுற்றி வந்து எல்லோருக்கும் கை வலித்தது. கடைசியில் அண்ணன் வாசித்துக்கொண்டே சுவரைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா, ஸ்டெல்லா வரலியா?"

கொட்டகையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல், என் மடியிலிருந்த வளையல்களை எடுத்து, ஒவ்வொன்றாக, சுவர் வரைக்கும் கேட்கும்படி போட்டுக்கொண்டாள்.