மொட்டைமாடி ஒயர்

பெண்கள் பிஜி, அதாவது சாப்பாட்டோடு தங்கும் விடுதி, நடத்துகிறவர்களுக்கு முன்பெல்லாம் குழாயில் தண்ணீர் வந்தால் போதும். இப்போது தண்ணீருக்கு முன்னால் நெட் வர வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒயர், பெட்டி சமாச்சாரமெல்லாம் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளை வாடகைக்கு வைத்துக்கொண்டு என்னைப் போல் அவதிப்படுகிறவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

ரசம் தெரியாத மேனேஜர்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் ஆறு பெண்கள். மாடி அறையில் கரூர்க்காரி திவ்யா, பெரும்பாலும் அறையிலிருந்தே வேலை பார்ப்பாள். மூன்று வாரமாக மீட்டிங் நடுவில் அவளுக்கு நெட் அறுந்தது. இன்னொரு முறை அறுந்தால் தினமும் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில். அவள் காலி செய்தால் அவளோடு வந்த இரண்டு தோழிகளும் கிளம்புவார்கள். பாதி வீடு வெறிச்சோடிவிடும். சாப்பாட்டுத் தட்டோடு நின்று சொன்னாள்: “உங்க ரசத்தை விட்டுட்டுப் போக மனசில்ல ஆன்ட்டி. ஆனா மேனேஜருக்கு உங்க ரசம் தெரியாதே.”

பெட்டிக்குப் பாவாடை

ஹாலில் டிவிக்கு மேலே விளக்கு மினுக்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. எல்லா அறைக்கும் ஒயர் அதிலிருந்துதான் பிரிகிறது. ஸ்விட்ச் என்கிறார்கள்; தூசி படாமலிருக்க நானே பின்னிய குரோஷா துணியால் மூடி வைத்திருந்தேன். ஒயர் வேலை பார்க்கும் கன்னடக்காரர் மஞ்சு வந்து தொட்டுப் பார்த்தார். பெட்டி பழசு, ஒயரும் பழசு, சுவரைக் கொத்திப் புதிதாக இழுக்க வேண்டும் என்றார். நான் தயங்கினேன். “சும்னே யோசிக்காதீங்க அக்கா, எல்லாத்தையும் மாத்திடலாம். மொதல்ல இந்தப் பாவாடையைக் கழட்டுங்க, பாவம், அதுக்கு மூச்சு முட்டுது.”

ஸ்டெல்லா சொன்னது

ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவைப் பிடித்தேன். அடுத்த தெருவில் அவளும் பிஜி நடத்துகிறாள். போன வருடம் பெட்டி, ஒயர் எல்லாம் மாற்றினாள். மாற்றிய பிறகு அறுவது நின்றதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நின்னுச்சானு தெரியலடி. மாத்திட்டேன்னு சொன்னதும் பொண்ணுங்க குறை சொல்றத நிறுத்திட்டாங்க.”

புதன்கிழமை

வியாழக்கிழமை வந்து சுவரைக் கொத்த மஞ்சுவிடம் சொல்லிவிட்டேன். திவ்யாதான், உடைப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம் என்று தடுத்தாள். செவ்வாயன்று லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுவந்து பெட்டியிலேயே நேராகச் செருகி வேலை பார்த்தாள். ஒரு முறைகூட அறவில்லை. கீழறைப் பெண்களுக்கும் இந்த மூன்று வாரமாகக் குறையில்லை. ஆக, பெட்டி நல்ல பெட்டி. இதுவரை அறுந்த நாட்களைப் போனில் பார்த்தாள்: மூன்றும் புதன்கிழமை.

மறுநாளே புதன். அன்று அவளுக்கு மீட்டிங் இல்லை. தோழியை அழைத்து வீடியோவில் பேசிக்கொண்டே காத்திருந்தாள். நான் என் வேலையைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போனேன். பதினோரு மணிக்கு “போச்சு!” என்று கத்திக்கொண்டு மேலே ஓடிவந்தாள். மூன்று வாரத்துக்கு முன் துணிக்கொடி அறுந்துபோனதிலிருந்து, ஹால் பெட்டியில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டி வழியாக அவள் ஜன்னலுக்குப் போகும் நெட் ஒயரில்தான் நான் பெட்ஷீட் காயப்போட்டு வந்தேன். புதன்தான் பெட்ஷீட் துவைக்கும் நாள். ஈரம் சொட்டத் தொங்கிய தன் பெட்ஷீட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “ஆன்ட்டி, மூணு வாரமா என் வேலைக்கு வேட்டு வெச்சது என் பெட்ஷீட்டா?”

மாற்றியது

வியாழனன்று சுவரைக் கொத்த வந்த மஞ்சுவிடம் அந்த ஒயரை மட்டும் மாற்றச் சொன்னேன். பாரத்தில் இழுபட்டு உள்ளே ஒரு கம்பி விட்டுவிட்டுத் தொடுகிறதாம். புது ஒயரைப் பைப்புக்குள் விட்டுக் கைப்பிடிச் சுவரோடு பதித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அதே பைப்பில் இன்னொரு ஒயரும் விடச் சொன்னேன். பழைய பெட்டி பாவாடை இல்லாமல் அங்கேயே இருக்கிறது. திவ்யாவும் இருக்கிறாள். மஞ்சு சிரித்தார்: “ஒரு ரூமுக்கு ரெண்டு ஒயரா? பயந்தா இப்படித்தான் அக்கா பயப்படணும்.”

வீட்டுச் சுவரையெல்லாம் கொத்தக் கிளம்பியவள் கடைசியில் ஒயரோடு சேர்த்து மாற்றியது துணிக்கொடியைத்தான். அதையும் அந்தப் பைப்புக்கு எதிர்ச்சுவரில் கட்டியிருக்கிறேன்.