எங்கள் குடியின் நீலக் கண்

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வாசற்படியில் தடுக்கி, என் மகளுக்கு மூன்றாம் முறையாகக் கால் முறிந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி நடந்ததா என்று டொக்டர் கேட்டார். துணைக்கு வந்த ராத்தா, என் மூத்த சகோதரி, முந்திக்கொண்டார்.

"எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல டொக்டர். இது கண்ணூறு. எங்கட பொம்புளயள்ட கண்ணப் பாருங்க, வெள்ளையே நீலம் பாஞ்சிருக்கும். அந்தக் கண்ணப் பாத்தே மாப்பிள்ள வீட்டார் ஓம் என்டிருவாங்க."

நானும் தலையாட்டினேன்.

டொக்டர் எங்கள் கண்களை உற்றுப் பார்த்தார். அந்த நீலமே ஓர் அடையாளம், இது எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோயாக இருக்கலாம் என்றார். எல்லோரும் பரிசோதிக்க வேண்டுமாம். ராத்தாவின் மகளும் போன வருடம் கை முறிந்தவள்தான். கலியாணம் பேசுவதால் அதை மறைத்திருந்தோம்.

ராத்தா எழும்பிவிட்டார். "இவள்ட மகளுக்கு மட்டுந்தான் நீலம். எங்களுக்கெல்லாம் நல்ல வெள்ள."

தலைமுறையாக மாப்பிள்ளை எடுத்துத் தந்த நீலம் ஒரு நிமிடத்தில் வெளுத்துப்போனது.

மறுநாள் நானும் மகளும் மட்டும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். ராத்தா தன் மகளுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்.