கிணற்றடியில் ஒரு புதுப் பானை

கடலூர் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பிய என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார்: "முதுநகர் ரெபேக்கா அம்மா தவறிட்டாங்களாம். போன வாரமே அடக்கம் பண்ணிட்டாங்க." கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தேன். உள்ளேயிருந்து கேட்ட என் மாமியார் எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

முதுநகர் சபையாரே, ரெபேக்கா அக்காவோடு ஒரே வேதக் கோயிலில் ஜெபம் செய்தவர்கள் நீங்கள். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நான் யார்? சிதம்பரத்துக்காரி, நடராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, சைவக் குடும்பம். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. என் மகன் இன்று பிழைத்துக் கிடக்கிறான் என்றால் அது அக்காவால்தான்.

யுத்த காலத்தில், குண்டு விழப்போகிறது என்று சென்னைப் பட்டணத்து ஜனமெல்லாம் ஓடியதே, அப்போது கைப்பிள்ளையோடு நானும் மாமியாரும் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினோம். பட்டாளத்து வண்டிக்கு வழிவிட வேண்டுமென்று முதுநகர் ஸ்டேஷனில் எங்களை இறக்கிவிட்டார்கள். அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால் சொல்ல நாதியில்லை. முந்தின நாளிலிருந்து பட்டினி. எனக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. எதிர்வீட்டிலிருந்து இதைப் பார்த்துவிட்டு வந்து எங்களை அழைத்துப்போனவர்தான் அக்கா.

முன்னறையில் எங்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். அவர் கணவர் தேவசகாயம் ஐயா மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தம்மா நெத்தி நெறைய திருநீறு பூசியிருக்காங்க. தெரிஞ்சா சாப்பிட மாட்டாங்க. சிலுவையக் கழட்டி வச்சிட்டுச் சோத்தப் போடு. பச்சப்புள்ளக்காரி, பாவம்."

"பசியோட வந்தவங்கள ஏமாத்தலாமாங்க? நாளைக்குத் தெரிஞ்சா தின்ன சோறு அவங்க வயித்துல நிக்குமா?" என்றார் அக்கா.

நேரே மாமியாரிடம் வந்தார். "அம்மா, நாங்க வேதக்காரங்க. இன்னிக்கு மீன் வச்ச வீடு."

மாமியார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல, அதுவும் அக்கா மேல்தான். இந்தப் புண்ணியவதி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நாலு வாய் சோறு உள்ளே போயிருக்குமே!

அக்கா வாசலை மறித்து நின்றார். "எங்க கையால வேணாம்மா. பொங்கலுக்கு வாங்கின புதுப் பானை இருக்கு. அரிசி தர்றேன். கிணத்துல நீங்களே எறச்சு, நீங்களே பொங்குங்க. நாங்க அந்தப் பக்கமே வரல."

மூட்டை கீழே இறங்கியது. கிணற்றடியில் மூன்று கல் கூட்டி மாமியார் பொங்கிப்போட, உப்பும் கஞ்சியுமாக வயிறு நிறையக் குடித்தேன். பொழுது சாய்வதற்குள் பால் சுரந்தது. பிள்ளை குடிக்கிற சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத எங்களுக்கு ஏன் இவ்வளவு என்று அக்காவைக் கேட்டேன். "எங்க ஆண்டவர் பொறக்கறதுக்கே ஒருத்தரும் எடம் குடுக்கலியேம்மா. அத நெனச்சா யாரையும் வாசல்ல நிக்கவிட மனசு வரமாட்டேங்குது" என்றார்.

யுத்தம் முடிந்தபின் ஒருநாள் பிள்ளையைப் பார்க்க அக்கா சிதம்பரம் வந்தார். மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் கிணற்றடியில் புதுப் பானை, அரிசி, விறகு, பருப்பு எல்லாம் எடுத்துவைத்து, "எல்லாம் தயார், வந்து பொங்கு" என்றார். வேதக்காரர்கள் விருந்தாளியை மதிக்கிற விதமே அதுதான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அக்கா பானையைப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீங்க போட்டா சாப்பிடுவேன்."

வேதக்காரர் ஒருவருக்கு இலை போடுவது எங்கள் வீட்டில் அதுவரை நடக்காத காரியம். 'அக்காவைப் பட்டினியாக அனுப்பிவிடாதே சாமி' என்று வேண்டிக்கொண்டேன். மாமியார் உள்ளே போய் இலை கொண்டுவந்து, கூடத்தில் போட்டு, தன் கையாலேயே பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க, இளைச்சுப் போயிருக்கே" என்று அதட்டவும் செய்தார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: வந்தவரிடம் உள்ளதைச் சொல்வது, அவர் எழுந்து போகப் பார்த்தால் விடாமல் வேறு வழி தேடுவது. எங்கள் அடுப்பங்கரையில் எப்போதும் ஒரு புதுப் பானை கிடக்கும்.

அக்கா தவறிய சேதி வந்த அன்று மாமியார் கிணற்றடியில் தலையோடு முழுகி, ஈரச் சேலையோடு வந்தார். உறவுக்காரர் செத்த சேதி வந்தால்தான் எங்களில் இப்படித் தலை முழுகுவது.

"நமக்குத் தீட்டு இல்லியே அத்தை?" என்றேன்.

"ஒனக்கு இல்லாட்டிப் போவுது. எனக்கு உண்டு" என்றார்.

நானும் போய்க் கிணற்றில் வாளியை இறக்கினேன்.